மஞ்சள் அட்டையைத் தந்த பள்ளி ஆசிரியர்

மாணவர்களே, காற்பந்து ஆட்டத்தில் நடுவர் மஞ்சள் அட்டையை உயர்த்தியதும் திடலில் நிற்பவர்களுக்கும் வீட்டில் தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கும் அதே நொடியில் செய்தி புரிந்துவிடுகிறது. எந்த நாட்டவராக இருந்தாலும், எந்த மொழி பேசுபவராக இருந்தாலும் யாரும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த அட்டை காற்பந்தோடு கூடப் பிறந்ததன்று. உலகக் கிண்ண ஆட்டங்களில் அது முதன்முதலாக வந்தது 1970-ஆம் ஆண்டில்தான். அதற்குக் காரணமானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர். பெயர் கென் ஆஸ்டன்.

நான் தங்காக்கில் வசிப்பவன். லேடாங் மலை அடிவாரத்தில், துணிக்கடைகளுக்குப் பெயர் பெற்ற நம் ஊரில், வார இறுதிகளில் 12, 14, 16 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்கிறேன். என்னிடம் பழக வரும் இளம் நடுவர்கள் வெயிலில் ஓடுவதற்குத் தயங்குவதில்லை. விசில் ஊதுவதற்கும் அதிகம் தயங்குவதில்லை. ஆட்டம் முடிந்தபின் சம்பவ அறிக்கை எழுத உட்காரும்போதுதான் பேனா நகர மறுக்கிறது. அட்டைதான் காட்டியாகிவிட்டதே, இன்னும் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் கென் ஆஸ்டனின் வாழ்க்கையைச் சொல்வேன். இன்று உங்களுக்கும் அதைச் சொல்கிறேன்.

பனிமூட்டமும் கொடியும்

ஆஸ்டன் 1915 செப்டம்பர் 1-ஆம் தேதி இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் உள்ள கோல்செஸ்டர் நகரில் பிறந்தார். ஆசிரியர் பணியில் சேர்ந்தார். 1936-இல் காற்பந்து நடுவராகத் தகுதி பெற்றார். அந்தக் காலத்தில் நடுவர் வேலை முழுநேரத் தொழிலன்று. வார நாள்களில் வகுப்பறை, சனிக்கிழமைகளில் திடல் என்பதுதான் அவருடைய வாழ்க்கை. பிற்காலத்தில் உலகக் கிண்ணத்துக்கு நடுவராகப் போனபோதும் அவர் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியராகவே இருந்தார். 1953 முதல் இல்ஃபர்ட் பகுதியில் இருந்த நியூபெரி பார்க் பள்ளியை அவர் நடத்திவந்தார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து மீண்டும் திடலுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியங்களைக் கவனியுங்கள். 1946-இல் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் ஓரமும் வைத்த கறுப்புச் சீருடையை அணிந்து ஆட்டம் நடத்தினார். பிறகு அதுவே பல ஆண்டுகளுக்கு நடுவர்களின் உடையானது. அதற்கு அடுத்த ஆண்டு எல்லைக்கோட்டு நடுவர்களின் கொடியை மாற்றினார். அதுவரை அவர்கள் உள்ளூர்க் குழுவின் நிறத்தில் சிறு கொடிகளை வைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் குளிர்காலப் பனிமூட்டத்தில் அந்தக் கொடி உயர்ந்ததா இல்லையா என்பதே நடுவருக்குத் தெரியாது. ஆஸ்டன் பளிச்சென்ற மஞ்சள் நிறக் கொடிகளைக் கொடுத்தார். மூட்டத்திலும் அது தெரிந்தது.

சிறிய மாற்றம்தான். ஆனால் அவருடைய வாழ்நாள் முழுவதையும் இயக்கிய எண்ணம் இதில் இருக்கிறது. ஒருவர் எடுத்த முடிவு மற்றவருக்குத் தெரிய வேண்டும். தெரியாத முடிவு, எடுக்காத முடிவைப் போன்றதுதான்.

நம் பக்கத்து ஊரான சாங்கி

போர்க்காலத்தில் ஆஸ்டன் முதலில் விமானப்படையில் சேர விரும்பினார். கணுக்காலில் இருந்த காயத்தால் அது நடக்கவில்லை. பீரங்கிப் படையில் சேர்ந்தார். பிறகு பிரிட்டிஷ் இந்திய இராணுவத்துக்கு மாற்றப்பட்டார். போர் முடிந்தபோது அவர் லெப்டினன்ட் கர்னல். அந்தப் பதவியில் இருந்தபோதுதான் சிங்கப்பூரின் சாங்கியில் நடந்த போர்க்குற்ற விசாரணை மன்றத்தில் பணியாற்றினார்.

சாங்கி நமக்குத் தொலைவில் இல்லை. நம் தாத்தா, பாட்டிமார்களின் கதைகளில் அடிக்கடி வரும் பெயர் அது. ஜப்பானியர் ஆட்சியில் நடந்த கொடுமைகள் போருக்குப் பிறகு சிங்கப்பூரில் விசாரிக்கப்பட்டன. அந்த விசாரணைகளில் நீதிபதிகளாக அமர்ந்தவர்கள் சம்பவ இடத்தில் இருந்தவர்கள் அல்லர். இருந்தவர்கள் சொன்னதையும் எழுதிக் கொடுத்ததையும் வைத்துத்தான் அவர்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. யார், எந்த நாளில், எந்த முகாமில், என்ன செய்தார் என்ற விவரம் வேண்டும். கோபம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், விவரம் இல்லாமல் அது சாட்சியம் ஆகாது.

எழுதப்படாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு நம் சமுதாயத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1943-இல் முடிக்கப்பட்ட சயாம் மரண இரயில் பாதையில் 12,000-க்கும் அதிகமான நேச நாட்டுப் போர்க்கைதிகள் இறந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனாபுரிக்குப் போனால் அவர்களில் பல ஆயிரம் பேரின் பெயர்களைக் கற்களில் வரிசையாகப் பார்க்கலாம். படைப்பிரிவுகள் பெயர்ப் பட்டியல் வைத்திருந்ததால் அது முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு இன்றுவரை மதிப்பீடுகள்தாம் உண்டு. பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது. அவர்களுடைய பெயர்களை அப்போது யாரும் முறையாக எழுதி வைக்கவில்லை.

ஒரு சிறுவர் காற்பந்து அறிக்கையை இதனோடு ஒப்பிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டையும் வாசிப்பவர் அங்கே இல்லாத ஒருவர்தான். அங்கே இருந்தவர் எழுதினால்தான் அவருக்குத் தெரியும்.

செய்தித்தாள் மூட்டிய தீ

1962-இல் உலகக் கிண்ணம் தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1960 மே மாதத்தில், சிலியை மிகக் கடுமையான நிலநடுக்கம் தாக்கியிருந்தது. கருவிகளால் பதிவு செய்யப்பட்ட நிலநடுக்கங்களிலேயே பெரியது அது. அளவு 9.5. இடிந்துபோன நாடு எப்படியோ தேறி, உலகை வரவேற்றது.

அப்போது இத்தாலியச் செய்தியாளர்கள் இருவர் சிலியின் தலைநகரம் சந்தியாகோவை மிகவும் இழிவாக வருணித்துக் கட்டுரைகள் எழுதினார்கள். மக்களின் வறுமையையும் வாழ்க்கையையும் கேவலப்படுத்தினார்கள். அது சிலி நாட்டுப் பத்திரிகைகளில் மறுபதிப்பாகி, வீட்டுக்கு வீடு பரவியது. சிலியும் இத்தாலியும் ஜூன் 2-ஆம் தேதி மோதும் நேரத்தில் திடலுக்கு வந்தது காற்பந்து ரசனையன்று, அவமானப்பட்ட ஒரு நாட்டின் கோபம்.

அந்த ஆட்டத்துக்கு நடுவர் கென் ஆஸ்டன். சிலி சுவிட்சர்லாந்தோடு விளையாடிய தொடக்க ஆட்டத்தை அவர்தான் நல்ல முறையில் நடத்தி முடித்திருந்தார். ஆனால் இது வேறு மாதிரி. தொடங்கிய 12 வினாடிகளில் முதல் தவறு நடந்தது. கால் மணி நேரம்கூட ஆகாதபோது இத்தாலியின் ஜியோர்ஜியோ ஃபெரினியை ஆஸ்டன் வெளியேற்றினார். ஃபெரினி போக மறுத்தார். அட்டை இல்லாத காலம் அது. நடுவர் வாயால் சொல்ல வேண்டும், கையால் காட்ட வேண்டும். ஒருவர் பேசுவது ஆங்கிலம், மற்றவர் பேசுவது இத்தாலிய மொழி. கடைசியில் காவல்துறையினர் வந்து ஃபெரினியைத் திடலிலிருந்து அழைத்துப் போனார்கள்.

பிறகு சிலியின் லியோனல் சாஞ்செஸ், தன்னை உதைத்த மாரியோ டேவிட்டைக் குத்தினார். நடவடிக்கை இல்லை. சில நிமிடங்களில் டேவிட் சாஞ்செஸின் தலையை நோக்கி உதைத்தார். இடைவேளைக்கு முன்பே டேவிட்டும் வெளியேற்றப்பட்டார். சாஞ்செஸின் இன்னொரு குத்தில் ஹம்பர்ட்டோ மஸ்கியோவின் மூக்கு உடைந்தது. அதற்கும் நடவடிக்கை இல்லை. சாஞ்செஸ் கடைசிவரை விளையாடினார். காவல்துறையினர் மீண்டும் மீண்டும் திடலுக்குள் வந்தார்கள். ஒன்பது பேரோடு நின்ற இத்தாலியை சிலி 2-0 என வென்றது. அந்த ஆட்டத்துக்குச் சந்தியாகோ போர் என்று பெயர் வந்தது.

படப்பிடிப்புக் கருவி எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. உலகம் முழுவதும் மக்கள் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். நடுவர் எதற்கு நடவடிக்கை எடுத்தார், எதற்கு எடுக்கவில்லை என்று இன்றும் விவாதிக்கிறார்கள். இருந்தும் ஆஸ்டன் ஒதுங்கிவிடவில்லை. 1963-இல் வெம்ப்ளியில் மான்செஸ்டர் யுனைடெட் லெஸ்டர் சிட்டியை 3-1 என வென்ற எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தை நடத்தினார். அதன்பின் நடுவர்களை வழிநடத்தும் பொறுப்புக்கு வந்தார்.

பார்த்ததும் பார்க்காததும்

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 14 வயதுக்குட்பட்டோர் ஆட்டம். பிற்பாதி. பந்து ஒரு பக்கத்துப் பினால்டி எல்லைக்குள் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் அலறல் கேட்டுத் திரும்பினேன். நடுத்திடலில் ஒரு பையன் மூக்கில் இரத்தத்தோடு தரையில் கிடந்தான். எதிர்க்குழுப் பையன் ஒருவன் இரண்டு மீட்டர் தள்ளி நின்றான். முதலுதவிக்கு அழைத்தேன். என் துணை நடுவர்கள் இருவரையும் கேட்டேன். அவர்களும் பந்தைத்தான் பார்த்திருந்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் காயம்பட்ட பையனின் குழு நிர்வாகி என்னிடம் வந்தார். அவன் குத்தினான், எல்லாரும் பார்த்தார்கள், நீங்களும் பார்த்ததாக எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர்தான். தன் பையனுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு. அன்றிரவே ஒரு காணொளி புலனக் குழுக்களில் சுற்றியது. அது இரத்தம் வந்ததற்குப் பிறகுதான் தொடங்கியது. அதன் கீழே, தள்ளி நின்ற பையனின் பெயரும் பள்ளியும் எழுதப்பட்டிருந்தன. மாவட்டத் தேர்வுக்கு அழைக்கப்பட்டிருந்த பையன் அவன். நான் குத்தியதைப் பார்த்தேன் என்று ஒரே வரி எழுதினால் அந்தப் பருவம் முழுவதும் அவன் வெளியே உட்கார வேண்டியிருக்கும்.

நான் எழுதியது இவ்வளவுதான். எந்த நிமிடம், பந்து எங்கே, நான் எங்கே, எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது கண்டது என்ன. அடி விழுந்ததை நானோ துணை நடுவர்களோ பார்க்கவில்லை. ஒரு குழு நிர்வாகி இப்படிச் சொல்கிறார், மற்றவர் தலைகள் மோதிக்கொண்டதாகச் சொல்கிறார். காணொளி ஒன்று இருக்கிறது, அது எப்போது தொடங்குகிறது என்பதும் இது. முடிவைக் கட்டொழுங்குக் குழுவிடம் விட்டேன்.

குழு இரு தரப்பையும் விசாரித்தது. குத்து நடந்தது என்று நிரூபிக்க முடியவில்லை. அந்தப் பையன் தொடர்ந்து விளையாடினான். காயம்பட்ட பையனின் தந்தை இன்றும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் பக்கத்திலும் வலி இருக்கிறது, அதை நான் மறுக்க முடியாது. உண்மையிலேயே குத்து விழுந்திருக்கலாம். ஆனால் நான் காணாததைக் கண்டதாக எழுதியிருந்தால், அன்று நீதி கிடைத்திருக்காது. ஒரு பையனின் வலிக்கு இன்னொரு பையனின் பெயரை விலையாகக் கொடுத்ததாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டு சகோதரர்களும் ஒரு குறிப்பேடும்

1966-இல் உலகக் கிண்ணம் இங்கிலாந்தில் நடந்தபோது நடுவர்கள் அனைவருக்கும் பொறுப்பாளர் ஆஸ்டன். அந்தப் போட்டியில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு மாற்று நடுவரைத் தயாராக வைக்கும் முறையையும் கொண்டுவந்தார். ஜூலை 23-ஆம் தேதி வெம்ப்ளியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் காலிறுதியில் மோதின. நடுவர் மேற்கு ஜெர்மனியின் ருடோல்ஃப் கிரைட்லைன். முற்பாதியிலேயே அர்ஜென்டினாவின் தலைவர் அந்தோனியோ ரத்தீனை அவர் வெளியேற்றினார். ரத்தீன் நகரவில்லை. அவருக்கு ஜெர்மன் மொழி தெரியாது, நடுவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. பல நிமிடங்கள் ஆட்டம் நின்றது. ஆஸ்டன் தாமே திடலோரம் இறங்கி வந்து சமாதானம் பேச வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகளுக்கு முன் சந்தியாகோவில் தாம் பட்ட பாட்டை இப்போது வெளியிலிருந்து பார்த்தார்.

ஆட்டத்தில் இங்கிலாந்து 1-0 என வென்றது. அதற்குப் பிறகுதான் இன்னொரு குழப்பம் தெரிய வந்தது. இங்கிலாந்தின் சகோதரர்களான பாபி சார்ல்டன், ஜேக் சார்ல்டன் இருவரின் பெயர்களையும் நடுவர் தம் குறிப்பேட்டில் எச்சரிக்கையாகப் பதிந்திருந்தார் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஆட்டம் நடக்கும்போது அது தெளிவாகத் தெரியவில்லை. இங்கிலாந்துக் குழு அனைத்துலகக் காற்பந்து சம்மேளனமான ஃபீஃபாவிடம் விளக்கம் கேட்க வேண்டியிருந்தது.

யோசித்துப் பாருங்கள். நடுவர் தம் கடமையைச் செய்திருக்கிறார். எழுதியும் வைத்திருக்கிறார். ஆனால் அது அவருடைய சட்டைப்பைக்குள் இருந்தது. எச்சரிக்கப்பட்டவருக்கே எச்சரிக்கை தெரியாவிட்டால் அவர் எப்படித் திருந்துவார்?

வெம்ப்ளியிலிருந்து திரும்பும் வழியில் லண்டனின் கென்சிங்டன் சாலையில் ஆஸ்டனின் கார் சமிக்ஞை விளக்குகளில் நின்று நின்று போனது. மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் நில். எந்த ஓட்டுநருக்கும் யாரும் மொழிபெயர்த்துச் சொல்வதில்லை. அந்த நேரத்தில்தான் அவருக்கு அந்த எண்ணம் தோன்றியது. வீட்டுக்கு வந்து மனைவி ஹில்டாவிடம் சொன்னார். அவர் தடித்த வண்ணக் காகிதத்தில், சட்டைப்பைக்குள் அடங்கும் அளவில், இரண்டு அட்டைகளை வெட்டிக் கொடுத்தார் என்பது வரலாறு.

1970-இல் மெக்சிகோ உலகக் கிண்ணத்தில் அட்டைகள் நடைமுறைக்கு வந்தன. அந்தப் போட்டி முழுவதிலும் ஒரு சிவப்பு அட்டைகூடக் காட்டப்படவில்லை. உலகக் கிண்ணத்தின் முதல் சிவப்பு அட்டை 1974 ஜூன் 14-ஆம் தேதி மேற்கு ஜெர்மனியில் காட்டப்பட்டது. பெற்றவர் சிலியின் கார்லோஸ் கஸ்ஸேலி. அட்டை பிறந்த இங்கிலாந்தின் லீக் ஆட்டங்களுக்கே அது 1976-இல்தான் வந்தது.

ஆஸ்டன் எட்டு ஆண்டுகள் ஃபீஃபா நடுவர் குழுவில் இருந்தார். அதில் நான்கு ஆண்டுகள் தலைவர். 1966, 1970, 1974 ஆகிய மூன்று உலகக் கிண்ணங்களிலும் நடுவர்களுக்கு அவர்தான் பொறுப்பு. 1974-இல் மாற்று ஆட்டக்காரர்களின் எண்ணைக் காட்டும் பலகையை அறிமுகப்படுத்தினார். அதே 1974 போட்டியில் ஜூன் 19-ஆம் தேதி, மியூனிக் நகரில் போலந்து ஹைட்டியை 7-0 என வென்ற ஆட்டத்துக்கு நடுவராக நின்றவர் யார் தெரியுமா? சிங்கப்பூரைச் சேர்ந்த கோவிந்தசாமி சுப்பையா. ஜார்ஜ் சுப்பையா என்று அழைக்கப்பட்ட நம் தமிழர். ஜொகூர் பாலத்துக்கு அப்பால் வாழ்ந்த ஒருவர் அந்த அட்டைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உலகக் கிண்ணத் திடலில் நின்றிருக்கிறார்.

அட்டை சொல்லாததை எழுதுங்கள்

அட்டை தவறு நடந்தது என்பதை எல்லாருக்கும் காட்டும். என்ன தவறு, எப்படி நடந்தது, அதற்கு முன்னும் பின்னும் என்ன என்பதை அது சொல்லாது. அதனால்தான் காற்பந்து விதிகளில் ஐந்தாம் விதி, கட்டொழுங்கு நடவடிக்கைகளையும் ஆட்டத்துக்கு முன்போ, ஆட்டத்தின்போதோ, பின்போ நடந்த மற்றச் சம்பவங்களையும் நடுவர் உரிய தரப்புக்கு அறிக்கையாகத் தர வேண்டும் என்கிறது. 

நான் இளம் நடுவர்களுக்குச் சொல்லித் தரும் முறை எளிது. நடந்ததைத் திடலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். நிமிடம், சட்டை எண், குழு, அப்போதைய கோல் எண்ணிக்கை, திடலில் எந்த இடம், பந்து ஆட்டத்தில் இருந்ததா, நீங்கள் எத்தனை மீட்டர் தூரத்தில் நின்றீர்கள், யாருக்காவது காயமா, ஆட்டம் எப்படி மீண்டும் தொடங்கியது. வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, கோபம் தணிந்தபின் அதை முழு வாக்கியங்களாக எழுதுங்கள். ஆனால் அன்றே எழுதுங்கள். ஒரு நாள் போனால் நீங்கள் பார்த்ததும் மற்றவர் சொன்னதும் கலந்துவிடும்.

எட்டாம் எண் ஆட்டக்காரர் மிக முரட்டுத்தனமாக நடந்தார் என்று எழுதினால் அது உங்கள் கருத்து. 52-ஆம் நிமிடத்தில், பந்து வெளியே போயிருந்தபோது, எட்டாம் எண் ஆட்டக்காரர் எதிரணியின் நான்காம் எண் ஆட்டக்காரரை இரு கைகளாலும் மார்பில் தள்ளினார், நான் பத்து மீட்டர் தூரத்தில் தடையின்றிப் பார்த்தேன் என்று எழுதினால் அது செய்தி. வேண்டுமென்றே செய்தார் என்று எழுதாதீர்கள். மனத்துக்குள் இருப்பதை நடுவர் பார்க்க முடியாது. கை, கால் செய்ததை எழுதுங்கள். அதைப் படிக்கும் குழு நோக்கத்தை முடிவு செய்யட்டும்.

சிறுவர் ஆட்டங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பயிற்றுநருக்கும் குழு அதிகாரிக்கும் இன்று அட்டை காட்டலாம். திடலுக்கு வெளியே நின்று கத்தும் பெற்றோருக்கு அட்டை கிடையாது. ஒருமுறை கோட்டோரம் நின்ற 17 வயதுத் துணை நடுவரை ஒருவர் ஆட்டம் முழுவதும் கேவலமாகத் திட்டிக்கொண்டே இருந்தார். அந்த மாணவர் கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார். அவருக்காக என்னால் செய்ய முடிந்தது ஆட்டத்தை நிறுத்தி அந்த ஆடவரை அப்புறப்படுத்தச் சொன்னதும், பிறகு அறிக்கை எழுதியதும்தான். நாங்கள் அறிக்கையை மலாயில் எழுதுகிறோம். ஆனால் திட்டிய சொற்களை அவை எந்த மொழியில் சொல்லப்பட்டனவோ அதே மொழியில், ஓர் எழுத்தும் மாற்றாமல் பதிந்தேன். தகாத வார்த்தை பேசினார் என்று மழுப்பி எழுதினால், படிப்பவருக்கு அதன் கனம் தெரியாது. எழுதக் கூசுகிறதே என்பார்கள் சிலர். அதைக் காதால் கேட்டு நின்ற பிள்ளைக்கு அதைவிடக் கூசியிருக்கும். அடுத்த ஆட்டத்தில் பெற்றோர் நிற்கும் இடம் கோட்டிலிருந்து தள்ளி வைக்கப்பட்டது. அந்த மாணவர் இன்னும் கொடி பிடிக்கிறார்.

கடைசியாக ஒன்று. அறிக்கை சேர வேண்டிய இடத்துக்கு மட்டும் போகட்டும். அதில் இருப்பவை சிறுவர்களின் பெயர்கள். அதைப் படம் பிடித்துப் புலனத்தில் போடுவது எந்த நடுவருக்கும் அழகன்று. சந்தியாகோவில் நடந்ததை மறக்காதீர்கள். பொறுப்பில்லாமல் எழுதிய இரண்டு கட்டுரைகள் ஒரு நாட்டையே கொதிக்க வைத்தன.

மீண்டும் பிள்ளைகளிடம்

உலகக் கிண்ணப் பொறுப்புகளை முடித்த ஆஸ்டன் ஓய்வெடுக்கவில்லை. அமெரிக்காவில் சிறுவர், சிறுமியருக்குக் காற்பந்து நடத்தும் ஓர் இளையோர் அமைப்பு 1964 முதல் இயங்கிவருகிறது. அங்கே ஆட்டம் நடத்துபவர்கள் பெரும்பாலும் தொண்டூழியர்கள், அந்தப் பிள்ளைகளின் அப்பாக்களும் அம்மாக்களும். ஆஸ்டன் பல ஆண்டுகள் அவர்களுக்கு நடுவர் பயிற்சி தந்தார். வெம்ப்ளியில் நின்றவர், எட்டு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தை எப்படி நடத்துவது என்று பெற்றோருக்குப் பாடம் எடுத்தார். அடிப்படையில் அவர் ஆசிரியர். ஆட்டத்தின் பெருமை அதன் பெரிய மேடையில் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1997-இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்.பி.இ. விருது அளித்தது. 2001 அக்டோபர் 23-ஆம் தேதி, 86-ஆவது வயதில் அவர் காலமானார்.

பனிமூட்டத்தில் தெரிந்த கொடி, கூட்டத்துக்கே தெரிந்த அட்டை, எண்ணைக் காட்டும் பலகை. இவை எல்லாவற்றிலும் அவர் செய்தது ஒன்றுதான். நடுவருக்கு மட்டும் தெரிந்ததை எல்லாருக்கும் தெரியவைத்தார். அட்டையால் முடியாத இடத்தில் அந்த வேலையை இன்று நம் அறிக்கை செய்கிறது.

உங்களில் நடுவராக விரும்புகிறவர்கள் பள்ளிப் புறப்பாடப் பொறுப்பாசிரியரிடமோ உங்கள் மாவட்டக் காற்பந்துச் சங்கத்திடமோ பயிற்சி பற்றிக் கேளுங்கள். அதற்கு முன்பே ஒரு பயிற்சியை நீங்களே தொடங்கலாம். அடுத்த முறை பள்ளித் திடலில் ஓர் ஆட்டத்தைப் பார்க்கும்போது, ஏதேனும் ஒரு சம்பவத்தைத் தேர்ந்தெடுத்து ஐந்து வரியில் எழுதுங்கள். பக்கத்தில் நின்ற நண்பரையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் அங்கே இல்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே அவர் நின்று, இது யார், எப்போது, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாரோ, அந்த வரியைத்தான் நீங்கள் திருத்தி எழுத வேண்டும்.